நெட் வெல்யூ என்றால் என்ன, எங்கே எப்படிப் பயன்படுத்துவது: சம்பளத் துண்டிலிருந்து நெட் வேர்த் வரை

சம்பளத் துண்டு, கொழுந்துக் கணக்கு, நகைக்கடை பில், வங்கிக் கடன் படிவம், கூரையில் போடும் சோலாருக்கான ஒப்பந்தம் என்று எங்கே பார்த்தாலும் இந்த நெட் வந்து நிற்கிறது. ஓ/எல்லில் வணிகக் கல்வி படித்த பிள்ளைகளுக்குத் தேறிய இலாபம், தேறிய பெறுமதி எல்லாம் தமிழில் நன்றாகவே தெரியும். அதே பிள்ளை கொழும்பில் ஒரு கம்பனியில் சேர்ந்து, வாகனங்களுக்கு நெட் வெல்யூ போட்டு அனுப்பு என்று ஈமெயில் வந்ததும் எதைப் போடுவது என்று தெரியாமல் முழிக்கிறது. இந்தியப் புத்தகத்தில் நிகர மதிப்பு, நம் பாடப்புத்தகத்தில் தேறிய பெறுமதி, இரண்டும் ஒன்றுதான், அதில் குழம்ப எதுவுமில்லை. குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது.

நெட் என்றால் எதையோ கழித்தாகிவிட்டது என்று அர்த்தம். எதைக் கழித்தது என்பதை அந்தச் சொல் சொல்லாது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அந்த ஒரே கேள்வியை நம் கைக்கு வருகிற கடதாசிகளில் வைத்துப் பார்ப்பதுதான்.

முதலில் குரொஸ், டெயார், நெட்

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசுக் கொக்கியில் சாக்கைத் தொங்கவிட்டதும் 21 கிலோ காட்டுகிறது. அதுதான் குரொஸ் வெயிட், எதையும் கழிக்காத எடை. சாக்கு 1 கிலோ, அதற்குப் பெயர் டெயார். மழை நாள் என்றால் இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கு என்று இன்னொரு 2 கிலோ போகும். கடைசியில் துண்டில் 18 என்று விழும், அது நெட் வெயிட்.

இங்கே போன 3 கிலோவும் ஒரே மாதிரியான கழிவு இல்லை. வெறும் சாக்கைத் தராசில் போட்டால் அதன் எடை தெரிந்துவிடும், யாரும் மறுக்க முடியாது. தண்ணீரை அப்படித் தனியாக நிறுத்துக் காட்ட முடியாது, அது ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்கிற மதிப்பீடு. மடுவத்துச் சண்டைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கழிவில்தான் தொடங்குகின்றன. எந்த நெட் தொகையைப் பார்த்தாலும் கழிவுகளை இப்படி இரண்டாகப் பிரித்துப் பழகுங்கள்: அளந்து காட்டக்கூடியவை ஒரு பக்கம், ஒருவருடைய கணிப்பை நம்ப வேண்டியவை மறு பக்கம். பின்னால் நெட் புக் வெல்யூ வரும்போது இது கைகொடுக்கும்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. சில சம்பளத் துண்டுகளிலும் பழைய பில்களிலும் ஆங்கிலத்தில் நெட் என்பதன் கடைசியில் இரண்டு டீ எழுத்துப் போட்டு (nett) எழுதியிருப்பார்கள். அது பழைய பிரித்தானிய வழக்கம், பிழை இல்லை. இப்போது ஒரு டீ போதும். மீன் பிடிக்கிற வலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது பிரெஞ்சு வழியாக வந்த, சுத்தமான என்ற பொருளுள்ள சொல். நாமும் "சுத்தமா கைக்கு எவ்வளவு வரும்?" என்றுதானே கேட்கிறோம்.

சம்பளத் துண்டை வரி வரியாக

2024 செப்டெம்பரில் வந்த 1350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தை வைத்து ஒரு துண்டு போட்டுப் பார்ப்போம். மாதத்தில் 22 பேர், அதாவது 22 நாள் வேலை, விழுந்திருக்கிறது. 22 x 1350 = 29,700. மேலதிக கிலோக் காசு, மற்றக் கொடுப்பனவு எதையும் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம், கணக்கு எளிமையாக இருக்கட்டும். இது குரொஸ்.

கழிவுப் பக்கத்தில் முதலில் ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் பங்கு குறைந்தது 8 சதவீதம், அது 2,376. அப்புறம் தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தின் தவணை 2,000 என்று வைப்போம். சங்கச் சந்தா 150. வீட்டுக்கு எடுத்த தேயிலைத் தூளுக்கு 400. மொத்தம் 4,926. மிச்சம் 24,774. துண்டின் அடியில் நெட் பே என்று இருப்பது இந்தத் தொகைதான்.

வீட்டில் இதைப் பார்த்துவிட்டு "29,700க்கு வேலை செய்து 5,000 ரூபா கிட்டக் காணாமல் போச்சு" என்று சொல்வோம். உண்மையில் அவ்வளவும் காணாமல் போகவில்லை. 2,376 உங்கள் பெயரில் சேமிப்பாகப் போயிருக்கிறது. 2,000 போன தீபாவளிக்கே கைக்கு வந்து துணியும் பட்டாசுமாகச் செலவான காசு. 400க்கு வீட்டில் தூள் இருக்கிறது. இந்தப் பக்கம் இப்படி என்றால், துண்டின் நெட் வரிக்குள் வராத இன்னொரு காசும் இருக்கிறது. தோட்டம் தன் பங்காக சேமலாப நிதிக்கு 12 சதவீதம் போட வேண்டும், அது 3,564. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம், 891. இந்த இரண்டையும் உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது, பிடித்திருந்தால் கேள்வி கேட்க வேண்டும். இரண்டு நிதியிலும் சேர்த்து அந்த மாதத்தில் உங்கள் பெயரில் விழ வேண்டியது 6,831 ரூபா.

ஆகவே நெட் பே என்பது இந்த மாதம் கைக்கு வரும் காசு, அவ்வளவுதான். உங்கள் ஒரு மாத உழைப்பின் பெறுமதி என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆங்கிலத்தில் டேக் ஹோம் பே என்று சொன்னால் இன்னும் தெளிவு. கடன் படிவத்தில் நெட் சேலரி என்று கேட்டால் 24,774ஐ எழுதுங்கள், குரொஸ் சேலரி என்றால் 29,700. முற்பணத் தவணை அடுத்த மாதம் முடிந்துவிடும் என்றால் அதையும் வங்கியில் வாயால் சொல்லிவையுங்கள், ஏனென்றால் அந்த மாதத்திலிருந்து உங்கள் நெட் 2,000 கூடிவிடும், கடன் அதிகாரி துண்டைப் பார்த்து அதை ஊகிக்கமாட்டார்.

ஒரு விலை நெட், ஒரு விலை குரொஸ்: எதற்குக் கொடுப்பது?

கந்தப்பளைப் பக்கம் லீக்ஸ் போட்டிருக்கும் ஒருவருக்கு இரண்டு வியாபாரிகளிடமிருந்து கோல் வருகிறது. ஒருவர் கிலோ 210 என்கிறார். மற்றவர் 180 நெட் என்கிறார்.

"நெட் என்றால் எதெது கழிச்சு அண்ணே?"

"ஒண்ணும் கழிக்க மாட்டோம் தம்பி. லொறி நாங்க அனுப்புறோம், கொமிஷன் எங்க பாடு. தோட்டத்துல நிறுக்கிற நிறைக்கு, கைக்கு 180."

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாயிற்று, பதிலும் நேராக வந்துவிட்டது. இனி 210ஐ அதே நிலைக்குக் கொண்டுவந்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். 50 கிலோ மூட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அழுகல், இலைக் கழிவு என்று சந்தையில் 2 கிலோ குறைப்பார்கள், 48 கிலோவுக்குத்தான் காசு: 10,080. கொமிஷன் 10 சதவீதம் என்றால் 1,008. லொறிக் கூலி மூட்டைக்கு 600, சாக்கு 150, இறக்குகிற நாட்டாமிக்கு 100. எல்லாம் போக 8,222. இதை 48ஆல் பிரிக்கக் கூடாது, நீங்கள் பிடுங்கிக் கட்டியது 50 கிலோ, ஆகவே 50ஆல் பிரியுங்கள். கிலோ 164 ரூபா 44 சதம். 180 நெட்டோ மூட்டைக்கு 9,000 தருகிறது. தொகைகள் நான் போட்டவை, ஊருக்கு ஊர் மாறும், ஆனால் செய்கிற முறை மாறாது.

ஒரே நிலைக்குக் கொண்டுவராமல் ஒரு குரொஸையும் ஒரு நெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கிற பெரிய தவறு. படித்தவர்களும் செய்வார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஒரு ஏஜென்ஸி சொல்கிற சம்பளம் சாப்பாடு, தங்குமிடம் கழித்ததா கழிக்காததா என்று கேட்காமலே இன்னொன்றோடு ஒப்பிடுகிறோம் இல்லையா, அதுவும் இதே கதைதான்.

கொழுந்து விற்கிறவர்களுக்கு

சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களின் மாதக் கணக்கில் நெட் சேல் ஆவரேஜ் என்று ஒன்று வரும், சுருக்கி என்.எஸ்.ஏ. என்பார்கள். 1883இலிருந்து நடக்கிற கொழும்புத் தேயிலை ஏலத்தில் உங்கள் ஃபெக்டரியின் தூள் விற்ற விலை குரொஸ், அதிலிருந்து தரகு முதலிய விற்பனைச் செலவுகள் போக வருகிற கிலோச் சராசரி நெட். பச்சைக் கொழுந்துக்கான நியாய விலை இந்த நெட்டிலிருந்துதான் பிறக்கிறது. 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு ஃபெக்டரிக்கு.

என்.எஸ்.ஏ. 1,200 என்று வைப்போம். 100 கிலோ பச்சைக் கொழுந்துக்கு 21.5 கிலோ தூள் தேறும் என்று எடுத்தால், ஒரு கிலோ கொழுந்தில் 0.215 கிலோ தூள், அதன் விலை 258 ரூபா. அதில் 68 சதவீதம் 175 ரூபா 44 சதம். இதுவும் உங்கள் கைக்கு வரும் நெட் இல்லை. கொழுந்து சேர்க்கிறவருடைய லொறிக் கூலி, உரத்துக்குப் பிடிக்கிற காசு, முன்பு பார்த்த தண்ணீர்க் கழிவு எல்லாம் இதற்குப் பிறகு. ஒரே கடதாசியில் இப்படி ஒரு நெட்டுக்கு மேல் இன்னொரு நெட் வரும், ஒன்றின் நெட் அடுத்ததற்குக் குரொஸ் ஆகிவிடும். கடைசி வரியை மட்டும் பார்த்தால் எந்தப் படியில் காசு குறைந்தது என்று தெரியவே தெரியாது.

பில்லில் வரும் நெட்: இங்கேதான் அதிகம் வழுக்கும்

ஹட்டனில் ஒரு மொத்த வியாபாரி வற் போட்ட இன்வொயிஸ் தருகிறார். நெட் அமவுன்ட் 1,000, வற் 180, மொத்தம் 1,180. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம் என்பதால் கணக்கு சரி. இங்கே நெட் என்றால் வரி சேர்க்காத விலை.

அதே டவுனில் ஒரு சுப்பர்மார்க்கெட் பில்லை எடுங்கள். குரொஸ் அமவுன்ட் 1,300, கழிவு 120, நெட் அமவுன்ட் 1,180. இங்கே நெட் என்பது நீங்கள் கட்ட வேண்டிய கடைசித் தொகை, அதற்குள்ளேயே வரியும் இருக்கிறது. ஒரு பில்லில் நெட்டுக்கு மேலே இன்னும் காசு கட்ட வேண்டும், மற்றதில் நெட்டோடு கதை முடிந்தது. முதல் பில்லில் வரியை விட்டுவிட்டு நெட் என்றார்கள், இரண்டாவதில் தள்ளுபடியை விட்டுவிட்டு நெட் என்றார்கள். இரண்டு பேரும் பிழை விடவில்லை.

வரி சேர்ந்த தொகையிலிருந்து நெட்டைக் கண்டுபிடிக்கும்போது கல்குலேட்டரில் 1,180இலிருந்து 18 சதவீதத்தைக் கழிக்காதீர்கள், 967 ரூபா 60 சதம் என்று பிழையாக வரும். 18 சதவீதம் போட்டது 1,000க்கு, 1,180க்கு இல்லை. 1,180ஐ 1.18ஆல் பிரியுங்கள், சரியாக 1,000 வரும். கடைக் கணக்கு எழுதுகிற பிள்ளைகள் இதை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தால் போதும், வற் படிவம் நிரப்புகிற மாதத்தில் பாதித் தலைவலி இல்லை.

அப்புறம் இன்வொயிஸின் ஓரத்தில் நெட் 30 என்று சின்னதாக அச்சடித்திருக்கும். அது தொகை இல்லை. முழுக் காசையும் 30 நாளுக்குள் கட்ட வேண்டும் என்று அர்த்தம். அதன் முன்னால் 2/10 என்று இருந்தால், 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் குறைத்துக் கட்டலாம். ஒரு இலட்சம் ரூபா பில்லுக்கு 2,000 மிச்சம், கையில் காசு இருக்கும் கடைக்காரர் இதை விடக் கூடாது.

பொருளுக்கு நெட் வெல்யூ

இதுவரை பார்த்தது பெரும்பாலும் காசும் எடையும். நெட் வெல்யூ என்று முழுதாகச் சொல்வது பெரும்பாலும் ஒரு பொருளின் அல்லது சொத்தின் பெறுமதிக்கு. இதில் மூன்று வகை முக்கியம். பெயர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், விடைகள் வேறு வேறாக வரும்.

நகையை முதலில் எடுப்போம். அட்டியலில் குரொஸ் வெயிட் 18 கிராம், கல் 2 கிராம், நெட் வெயிட் 16 கிராம், அதாவது 2 பவுண். அடகு வைக்கப் போனாலும் இந்த 16க்குத்தான் கணக்கு. அடகில் இருக்கும் நகைக்கு இன்னொரு நெட் உண்டு: அன்றைய தங்க விலைப்படி பெறுமதி, அதிலிருந்து வாங்கிய கடனும் இன்றுவரை ஏறிய வட்டியும் போக மிச்சம். பெறுமதி 6 இலட்சம், கடன் 4 இலட்சம், வட்டி 50 ஆயிரம் என்றால் உங்களுக்குச் சொந்தமானது ஒன்றரை இலட்சம். இதை ஆங்கிலத்தில் எக்விட்டி என்றும் சொல்வார்கள். தங்கம் ஏறினால் இது ஏறும், நாள் போகப் போக வட்டியால் குறையும். ஆகவே தேதி போடாத நெட் வெல்யூ பாதிக் கணக்குத்தான்.

அடுத்தது நெட் புக் வெல்யூ. 32 இலட்சத்துக்கு ஒரு வேன் வாங்கி, 8 வருடம் ஓடும், கடைசியில் 8 இலட்சத்துக்குப் போகும் என்று மதிப்பிட்டால், வருடத்துக்கு 3 இலட்சம் பெறுமானத் தேய்வு. மூன்று வருடத்தில் 9 இலட்சம் போக, நெட் புக் வெல்யூ 23 இலட்சம். இந்த 8 வருடமும் 8 இலட்சமும் எங்கிருந்து வந்தன? யாரோ கணித்தது. மடுவத்துத் தண்ணீர்க் கழிவு மாதிரியே இதுவும் அளந்து காட்ட முடியாத கழிவு. ஆகவேதான் இந்தத் தொகைக்கும் சந்தை விலைக்கும் சம்பந்தம் இல்லாமல் போகலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்று நமக்குத் தெரியும், வாங்கின விலையை விடக் கூடுதலாக விற்றவர்கள் உண்டு. புத்தகத்தில் தேய்ந்துகொண்டே போனது, வீதியில் ஏறிக்கொண்டே போனது. யாராவது வேனுக்கு நெட் வெல்யூ கேட்டால், புக் வெல்யூவா, விற்றால் வரும் காசா என்று திருப்பிக் கேளுங்கள். ஆரம்பத்தில் சொன்ன அந்த ஈமெயிலுக்கும் இதுதான் பதில், முதலாளி கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது நெட் ரியலைசபிள் வெல்யூ, விற்றால் செலவெல்லாம் போகக் கைக்குத் தேறக்கூடிய பெறுமதி. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு என்று ஸ்வெட்டர் எடுத்துவைத்த கடைக்காரரைப் பாருங்கள். ஒன்று 1,200க்கு எடுத்தது. சீசன் முடிந்துவிட்டது, இப்போது 1,100க்குத்தான் போகும். புதுப் பை போட்டு மடித்துக் கொடுக்க 60, விற்றுத் தருகிறவருக்கு 40. தேறுவது 1,000. வருட முடிவில் சரக்கிருப்பை என்ன விலைக்குப் போடுவது? இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 சொல்வது, கொள்விலையையும் நெட் ரியலைசபிள் வெல்யூவையும் பார்த்து எது குறைவோ அதைப் போடு என்று. ஆகவே 1,000. தேறுவது 1,500 என்றால்? அப்போதும் 1,200தான், இன்னும் விற்காத இலாபத்தை இப்போதே எழுதக் கூடாது.

கம்பனிகளின் அறிக்கையில் நெட் அசெட்ஸ் பெர் ஷெயார் என்று வருவதும், பலருடைய காசைச் சேர்த்து முதலிடுகிற யூனிட் ட்ரஸ்டில் என்.ஏ.வி. (நெட் அசெட் வெல்யூ) என்று வருவதும் இதே குடும்பம்தான். சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்து, பங்கு அல்லது அலகு எண்ணிக்கையால் பிரிப்பது. 500 மில்லியன் சொத்து, 20 மில்லியன் கடன், 24 மில்லியன் அலகு என்றால் அலகுக்கு 20 ரூபா. தோட்டக் கம்பனிகளின் அறிக்கையைப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோதும் நிலம் குத்தகைக்குத்தான் போனது. ஆகவே அந்தச் சொத்துப் பட்டியலில் இருப்பது குத்தகை உரிமை, மலை இல்லை.

காலத்தைக் கழிக்கிற நெட்

நெட் பிரசென்ட் வெல்யூ கொஞ்சம் வித்தியாசமானது. இதில் செலவை மட்டுமில்லாமல், காத்திருக்கிற காலத்தையும் கழிக்கிறோம். 3 இலட்சம் போட்டு ஒரு பொலித்தீன் கூடாரம் கட்டிக் குடைமிளகாய் வைத்தால், வருடத்துக்கு 1,20,000 வீதம் மூன்று வருடத்துக்கு வரும் என்று வைப்போம். கூட்டினால் 3,60,000. ஆஹா, 60,000 இலாபம்! ஆனால் காசை 12 சதவீத வட்டிக்கு எடுத்திருக்கிறீர்கள். முதல் வருடக் காசை 1.12ஆல் பிரித்தால் 1,07,143. இரண்டாம் வருடத்தை இரண்டு தரம் பிரித்தால் 95,663. மூன்றாம் வருடத்தை மூன்று தரம் பிரித்தால் 85,414. மொத்தம் 2,88,220. போட்ட 3 இலட்சத்தைக் கழித்தால் 11,780 குறைவு. நெட் பிரசென்ட் வெல்யூ மைனஸில் போய்விட்டது. அதே கூடாரம் நான்காவது வருடமும் தாங்கினால் கணக்கு மாறிவிடும், போட்டுப் பாருங்கள், பிளஸில் வரும்.

நிலையான வைப்புக்கும் சுருக்கமாக இதைச் செய்யலாம். 5 இலட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் வட்டி 40,000. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் பிடிக்கும் வரி 10 சதவீதம், 4,000 போக நெட் 36,000. வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் அதைப் பிடிக்காமல் விடுவார்கள், வயதான அப்பா அம்மாவுக்கு இதைச் செய்துகொடுங்கள். விலைவாசி ஏற்றத்தையும் கழித்துப் பார்க்கலாம், ஆனால் மனசு தாங்காது: 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம், எந்த வங்கி வட்டியும் அன்று நெட்டில் நட்டம்தான்.

ஆங்கிலத்தில் எழுதும்போதும் பேசும்போதும்

மிக உபயோகமான அமைப்பு நெட் ஒஃப் (net of). நெட் ஒஃப் டாக்ஸ் என்றால் வரி போக. நெட் ஒஃப் கொமிஷன், நெட் ஒஃப் ட்ரான்ஸ்போர்ட் என்று கழிவின் பெயரை ஒட்டியே எழுதலாம். நெட் வெல்யூ ஆஃப்டர் ஓல் டிடக்ஷன்ஸ் என்று சிலர் எழுதுகிறார்கள், கழிவுக்குப் பிறகு கழித்த பெறுமதி என்று சொல்வது மாதிரி. அதை விட்டுவிட்டு, எவை கழிந்தன என்று நெட் ஒஃப் போட்டு எழுதினால் படிக்கிறவர் திருப்பிக் கேட்கமாட்டார்.

வினையாகவும் வரும். ஷி நெட்ஸ் சிக்ஸ்டி தௌசண்ட் எ மன்த் என்றால் எல்லாம் போக மாதம் 60,000 அவள் கைக்கு வருகிறது. நெட் ஓஃப் (net off) என்றால் நேர் பண்ணிக்கொள்வது: நீங்கள் எனக்கு 5,000 தர வேண்டும், நான் உங்களுக்கு 3,000 தர வேண்டும், 2,000த்தைத் தந்துவிட்டுக் கணக்கை முடிப்போம். காசே இல்லாத இடத்திலும் வரும். நெட் ரிசல்ட், நெட் எஃபெக்ட் என்றால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடைசியில் என்ன என்று. கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட், ஒரு தொடரில் ஓவருக்கு அடித்த ஓட்டத்திலிருந்து ஓவருக்குக் கொடுத்த ஓட்டத்தைக் கழிப்பது. அது மைனஸில் இருக்கும்போது நாம் படுகிற பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

கூரை சோலாரில் இந்தச் சொல்லை வைத்தே பல திட்டம் இருக்கிறது, கையெழுத்துப் போட முன் இந்த மூன்றையாவது பாருங்கள். நெட் மீட்டரிங்கில் நீங்கள் கொடுத்த யூனிட்டும் எடுத்த யூனிட்டும் கழிபடும், மிச்ச யூனிட் அடுத்த மாதத்துக்குப் போகும், காசு கிடைக்காது. நெட் அக்கவுண்டிங்கில் கழித்து மிஞ்சிய யூனிட்டுக்குக் காசு. நெட் ப்ளஸ்ஸில் பெயரில்தான் நெட், அங்கே கழிப்பதே இல்லை: உற்பத்தி முழுவதையும் அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், நீங்கள் பாவித்ததற்குத் தனி பில்.

நெட் வேர்த் படிவம்

பொருளுக்கு நெட் வெல்யூ, ஆளுக்கும் குடும்பத்துக்கும் கம்பனிக்கும் நெட் வேர்த். மை நெட் வெல்யூ என்று எழுதக் கூடாது. பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும்போதும், வங்கியில் பெரிய கடன் எடுக்கும்போதும் இதைக் கேட்பார்கள்.

ஒரு தேதியைத் தீர்மானித்து அந்தத் தேதிக்கே எல்லாத் தொகையையும் எடுங்கள், வங்கி இருப்பு ஜனவரியிலும் கடன் மீதி மார்ச்சிலும் இருந்தால் படிவம் திரும்பி வரும். சொத்துப் பக்கம் வீடு, காணி, வாகனம், நகை, வைப்பு, சேமலாப நிதி மீதி. நிறையப் பேர் சேமலாப நிதியை மறந்துவிடுகிறார்கள், பழைய தொழிலாளிக்கு அதுதான் பெரிய தொகையாக இருக்கும். தோட்டத்து லயக் காம்பராவில் இருக்கிறவர்கள் காணி உறுதி கையில் இல்லாமல் அதைச் சொத்தாகப் போட முடியாது, எத்தனை தலைமுறை இருந்தாலும் சரி, படிவம் கடதாசியைத்தான் கேட்கும். வாகனத்துக்கு நெட் புக் வெல்யூ போடாமல், மதிப்பீட்டாளரிடம் எடுத்த சந்தைப் பெறுமதியைப் போடுங்கள்.

கடன் பக்கம் வங்கி, லீசிங், அடகு, கடைக் கணக்கு. அடகு நகையை 6 இலட்சம் என்று சொத்துப் பக்கம் எழுதினால் கடனையும் வட்டியையும் இந்தப் பக்கம் முழுதாக எழுதுங்கள். இல்லாவிட்டால் கழித்த ஒன்றரை இலட்சத்தை மட்டும் சொத்தில் போட்டுவிட்டு, கடன் பக்கம் அதைத் தொடாதீர்கள். ஒன்றரை இலட்சத்தையும் போட்டு நாலரை இலட்சக் கடனையும் போட்டால் ஒரே கடனை இரண்டு தரம் கழித்ததாகிவிடும். சீட்டுக்கும் இப்படியே: எடுக்காத சீட்டில் கட்டிய காசு சொத்து, எடுத்த சீட்டில் இன்னும் கட்ட வேண்டிய தவணை கடன். கடைசித் தொகைக்குக் கீழே தேதியையும், வெளிநாட்டுக் காசில் கேட்டிருந்தால் எந்த நாளைய மாற்று வீதம் என்பதையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.